விருப்பமா? விசாரணையா?

கவிதையைத் திறனாய்வார் உண்டு. காவியத்தைத் திறனாய்வார் உண்டு. திரைப்படத்தின் ஒவ்வொரு காட்சியையும் எடைபோட்டுச் சொல்வாரும் உண்டு. ஆனால், ஏழைக் குடும்பம் ஒன்றின் அடுப்பையே அணைத்துவிடும் ஆற்றல் வாய்ந்த அரசாணைச் சொல்லைத் திறனாய்வார் எத்தனை பேர்? மன்னன் வாய்மொழிக்கு மறுமொழி கூடாது என்றிருந்த காலம் மாண்டுவிட்டது. ஆணையும் மனிதன் எழுதிய உரைதான். மனிதன் எழுதியதை மனிதன் ஆராயலாம், ஆராய்ந்தே தீரவேண்டும். அந்த உரிமையோடு இம்முறை ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறோம்.

அந்தச் சொல், "விரும்பத்தகாதவர்" என்பது.

1988ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இந்தியத் தரைப்படைத் தலைமையகம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. விரும்பத்தகாதவர், திறனற்றவர் என்ற இருவகை வீரர்களைப் படையினின்று அகற்றும் முறை யாது என்பதே அதன் பொருள். திறனற்றவர் என்ற சொல்லோடு நமக்குப் பிணக்கில்லை. திறனை அளக்கலாம், குறிபார்த்துச் சுடத் தெரிகிறதா, கட்டளையைச் செய்து முடிக்கிறானா என்று தேர்வு வைக்கலாம். விருப்பத்தை எந்தக் கோல்கொண்டு அளப்பது? விரும்பத்தகாதவர் என்றால், யாரால் விரும்பத்தகாதவர்? நாட்டாலா? உடன் நின்ற தோழர்களாலா? அல்லது, மேலதிகாரி ஒருவராலா? சொல் இதற்கு விடை கூறவில்லை. விடை கூறாத சொல்லில்தான் அதிகாரம் ஒளிந்துகொள்கிறது.

சமவெளிக்கு இதில் என்ன வழக்கு?

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இச்சொல்லோடு என்ன வழக்கு என்று கேட்கலாம். 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் ஒரு மாவட்டம் இரண்டாயிற்று, வாழ்க்கை இரண்டாகவில்லை. வானம் பார்த்த மேட்டு நிலம். அதில் நிலக்கடலை, மரவள்ளி. ஊருக்கு ஊர் தறி. இடையிடையே சவ்வரிசி ஆலை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையும் கோழிப்பண்ணையும். முதல் உள்ளவனுக்கு இவை தொழில். முதல் இல்லாதவனுக்கு இவை கூலி. அந்தக் கூலிக்காரன் வீட்டு மகன்தான் விடியுமுன் எழுந்து ஏரிக்கரையில் ஓடிப் பழகுகிறான், கோவைப் படைச்சேர்ப்பு அலுவலகத்தின் அழைப்புக்குக் காத்திருக்கிறான், 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் முந்தினால் குடும்பமே முந்தும் என்று நம்புகிறான்.

சேர்ந்த நாளை ஊர் கொண்டாடுகிறது. திரும்பிய நாளில் ஊர் கேட்கும் கேள்வியோ வேறு: "டிஸ்சார்ஜா? டிஸ்மிஸ்ஸா?" படித்தவர்க்கு இவை இரண்டு ஆங்கிலச் சொற்கள். ஊராருக்கு இவை இரண்டு சாதிகள். முதலாமவன் திண்ணையில் அமர்கிறான். இரண்டாமவன் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறான்!

மூன்று வாயில்கள்

படையை விட்டு வெளியேற மூன்று வாயில்கள் உள்ளன. பணியறவு ஒன்று, பணிநீக்கம் மற்றொன்று, விடுவிப்பு மூன்றாவது. வெளியே வந்தவன் ஒருவனே ஆயினும், எந்த வாயில் வழி வந்தான் என்பதைக் கொண்டே அவன் எஞ்சிய வாழ்வு எழுதப்படுகிறது. சாதாரண வீரன் ஒருவன் ஓய்வூதியம் பெற 15 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். 1961ஆம் ஆண்டுத் தரைப்படை ஓய்வூதிய விதிகளின் 113ஆம் விதி என்ன சொல்லிற்று? படைச் சட்டப்படி பணியறவு செய்யப்பட்டவன், அதற்கு முன் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும், அவ்வளவு உழைப்புக்கும் ஓய்வூதியமோ பணிக்கொடையோ பெறத் தகுதியற்றவன் என்றது. விடுவிக்கப்பட்டவனோ, அவற்றைப் பெறத் தகுதியுடையவனாகவே இருப்பான் என்றது.

பனியிலும் மணலிலும் நின்ற ஆண்டுகள் இரண்டு பேருக்கும் ஒன்றே. ஆயினும் ஒருவனுக்கு அவை கணக்கில் வரும். மற்றவனுக்கு அவை காற்றோடு போகும். ஓய்வூதியத் தகுதியே இல்லாதவன் மறைந்தால், மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமும் இல்லை. குற்றம் செய்தவன் ஒருவன். தண்டனை பெறுவோர் நால்வர், ஐவர்! ஓய்வூதியம் ஈட்டாமல், ஒழுக்கக்கேட்டுக்காகவோ திறனின்மைக்காகவோ வெளியேற்றப்பட்டவனை, மத்திய அரசு வேலைகளுக்கான "முன்னாள் படைவீரர்" என்ற இலக்கணமும் தன்னுள் சேர்ப்பதில்லை. பணியறவை விடுவிப்பாக மாற்றக் கோரும் ஒருவன் வெறும் பெயர் மாற்றம் கேட்கவில்லை என்பது இப்போது விளங்கும். அவன் தன் ஆண்டுகளைத் திருப்பிக் கேட்கிறான்.

அந்த 113ஆம் விதியில் ஓர் ஈரமும் இருந்தது. தனிப்பட்ட சூழ்நிலைகளில் குடியரசுத் தலைவர் தம் விருப்பப்படி ஓய்வூதியம் வழங்கலாம் என்றது. நல்லதுதான். ஆனால் மீண்டும் அதே சொல்லைப் பாருங்கள், தோழர்களே! விருப்பம். வெளியேற்றுவதும் விருப்பம், இரங்குவதும் விருப்பம். அருள் வேறு, உரிமை வேறு. அருள் பெறுவோன் கைகட்டி நிற்க வேண்டும். உரிமை பெறுவோன் நிமிர்ந்து நிற்கலாம்.

இதற்கு வேர் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 310ஆம் பிரிவின்படி, படையில் இருப்போரும் குடிமைப் பணியில் இருப்போரும் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையில்தான் பணியில் இருக்கின்றனர். குடிமைப் பணியாளருக்கு மட்டும் அடுத்த பிரிவாகிய 311 ஒரு கேடயம் தருகிறது: குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் கேட்டபின்பே நீக்க வேண்டும். சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு அந்தக் கேடயம் உண்டு. எல்லையிலே நிற்கும் சேலத்து வீரனுக்கு அது இல்லை! துப்பாக்கி தரப்பட்டவனிடம் கேடயம் தரப்படவில்லை.

உண்ண மறுத்த குற்றம்

விசாரணை இல்லாத இடத்தில் விருப்பம் என்னவெல்லாம் செய்யும்? ரஞ்சித் தாக்கூர் வழக்கை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு வீரர். தம் கட்டளை அதிகாரியால் துன்புறுத்தப்படுவதாக மேலதிகாரிகளுக்கு நேரே முறையீடு அனுப்பினார். முறைப்படி அனுப்பவில்லை என்று 28 நாள் கடுங்காவல் கிடைத்தது. காவலில் இருந்தபோது, 1985ஆம் ஆண்டு மே 29 அன்று, உணவு உண்ணும்படி இட்ட கட்டளையை மீறினார் என்று புதுக் குற்றம் எழுந்தது. மறுநாளே சுருக்கமுறை இராணுவ நீதிமன்றம் கூடிற்று. ஓராண்டுக் கடுங்காவல், பணியறவு! உண்ணாதது குற்றம்; அதற்கு ஒருநாள் விசாரணை; வாழ்நாள் தண்டனை!

சுருக்கமுறை இராணுவ நீதிமன்றம் என்பது யாது என்று அறிந்துகொள்ளுங்கள். அதில் நீதிபதி ஒருவரே. அவர் அந்த அணியின் கட்டளை அதிகாரி. இன்னும் இருவர் அமர்ந்திருப்பர். ஆனால் தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. ரஞ்சித் தாக்கூரை விசாரிக்க அமர்ந்தவர்களில், யாரைப் பற்றி அவர் முறையிட்டாரோ அந்த அதிகாரியும் இருந்தார். உன்னை விசாரிப்போர் மீது உனக்கு மறுப்பு உண்டா என்று படைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு கேட்கச் சொல்கிறது. அந்த ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. 1987இல் உச்சநீதிமன்றம் அந்த விசாரணையையே செல்லாது என்றது. ஒருதலைச் சார்பு கண்டது. குற்றத்துக்குத் தண்டனை பொருந்தவில்லை என்றும் கண்டது. பணப்பயன்களோடு அவரைப் பணியில் மீண்டும் அமர்த்தச் சொன்னது.

இத்தீர்ப்பை நாம் போற்றுகிறோம். சட்ட நூல்களில் அது நிலைத்திருப்பதும் தகும். ஆயினும் ஒன்று கேட்கிறோம்: அந்தக் கேள்வியை அன்றே, அந்த இடத்திலேயே கேட்டிருக்கக்கூடாதா? ஒரு நாளில் கெட்டதைச் சீராக்க இரண்டு ஆண்டும், நாட்டின் தலைமை நீதிமன்றமும் வேண்டியிருந்தன.

மதுரையிலே இது நடந்ததை நாம் அறிவோம். நெடுஞ்செழியன் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான். கோவலன் சொல்லைக் கேட்கவில்லை. பின்னர்க் கண்ணகி வந்தாள், சிலம்பு உடைந்தது, முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. மறுவிசாரணை முறையாகத்தான் நடந்தது. தண்டனை பெற்றவன்தான் உயிரோடு இல்லை! வள்ளுவரும் வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் வாயிலிலேயே முதற்கடமையாக ஆராய்வதை வைத்தார். அதன் பின்னரே ஒறுத்தலை வைத்தார். அந்த வரிசை மாறினால் செங்கோல் கொடுங்கோலாகும் என்பது இந்த மண் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

செங்கல்லும் சுவரும்

1982இல் பிரித்திபால் சிங் பேடி வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு குறையைச் சுட்டிக்காட்டிற்று: இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பையும், சான்றுகளையும், தண்டனையின் அளவையும் மீண்டும் ஆராய ஒரு மேல்முறையீடுகூட இல்லையே என்றது. அதைக் கேட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 25 ஆண்டுகள் ஆயின. 2007இல் படைத்துறைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. 2009இல் தீர்ப்பாயம் பணி தொடங்கிற்று. சென்னையிலும் ஓர் அமர்வு ஏற்பட்டது. இராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனை அளவுக்கு மீறியதாகவோ நீதியற்றதாகவோ இருந்தால், அதைக் குறைக்கவும் மாற்றவும் அதற்கு அதிகாரம் உண்டு. 2023இல், தீர்ப்பாயத்தின் ஆணையை உயர்நீதிமன்றமும் ஆராயலாம் என உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கதவு திறந்திருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தின் சொற்களையும் நாம் கூர்ந்து படிக்க வேண்டும். வீரனின் நடத்தைத் தாளில் சிறு தண்டனை கறுப்பு மையால் எழுதப்படும். பெரியது சிவப்பு மையால் எழுதப்படும். நான்கு சிவப்பு மைப் பதிவுகள் சேர்ந்தால், அவனை வெளியேற்றலாமா என்ற பேச்சு எழும். இப்பதிவுகளில் பல, கட்டளை அதிகாரி சுருக்கமாக விசாரித்து அளித்த தண்டனைகளால் வருவன. அத்தகைய சுருக்க விசாரணைகளில் பணியறவு விதிக்கப்பட்டவை மட்டுமே தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வரும் என்கிறது சட்டம். ஏனையவை வெளியே! அதாவது, ஒவ்வொரு செங்கல்லும் கேள்விக்கு அப்பாற்பட்டது. செங்கற்களால் எழுந்த சுவரை மட்டும் கேள்வி கேட்கலாம். செங்கல் சுட்டதா, பச்சையா என்று பாராமல் சுவரின் உறுதியை எங்ஙனம் அறிவது?

இங்கேதான் 2015ஆம் ஆண்டின் வீரேந்திர குமார் துபே தீர்ப்பு சிறக்கிறது. நான்கு சிவப்பு மைப் பதிவுகளைக் காட்டி ஒரு வீரரை வெளியேற்றினர். தீர்ப்பாயம் அதை ஏற்றது. உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையே எடுத்துப் படித்துக் காட்டியது. நான்கு பதிவுகள் இருந்தால் வெளியேற்றியே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. முதலில் விசாரணை நடத்த வேண்டும். அவன் நெடுங்காலப் பணியையும், கடுமையான இடங்களில் பட்ட துன்பத்தையும் எடைபோட வேண்டும் என்றே சொல்கிறது. எண்ணிக்கை தீர்ப்பாகாது, எண்ணிப் பார்த்தலே தீர்ப்பாகும் என்பதே இதன் சாரம்.

பாராட்டியபின் குறையும் சொல்ல வேண்டும், அதுதான் திறனாய்வு. ஓய்வூதியத்துக்கு வேண்டிய தகுதிக் காலம் நிறையும்வரை அவர் பணியில் இருந்ததாகவே கொள்ளும்படி நீதிமன்றம் கூறிற்று. ஓய்வூதியம் வந்தது, ஆனால் இடைக்கால ஊதியம் இல்லை என்றது. விசாரணையின்றி வெளியேற்றியது யார் பிழை? அந்த ஆண்டுகளின் பட்டினி யார் தலையில்? அரசின் பிழைக்கு வீரன் வட்டி கட்டுவது என்ன கணக்கு?

அன்றியும், துபே உச்சநீதிமன்றம் வரை சென்றார். எத்தனை பேரால் செல்ல முடியும்? பணி தொடர்பான விண்ணப்பத்துக்கு இறுதி ஆணை வந்த ஆறு மாதம் என்கிறது தீர்ப்பாயச் சட்டம். தக்க காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படலாம். இராசிபுரத்துப் பக்கம் ஒரு சிற்றூரில், வெட்கத்தால் வாசல் தாண்டாமல் முடங்கிக் கிடப்பவனுக்கு முதல் ஆறு மாதம் எப்படிக் கழியும்? சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். ஆங்கிலத் தாளுக்கும் அவன் தாய்க்கும் இடையே அதனினும் நெடுந்தொலைவு!

யார் கை எழுதிற்று?

ஒழுக்கக்கேடு என்பது கல்லில் பொறித்த பொருளுடையதா? 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்தனர். இழிந்த உணவையும் இழிசொல்லையும் எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அது. வெள்ளையன் ஏட்டில் அது கலகம், பலர் பணியிழந்தனர். ஆட்சி மாறியபின்னும் அவர்களைப் பழைய பணிக்கு அழைப்பார் இல்லை. பின்னாளில் அதே எழுச்சி விடுதலைப் போரின் ஓர் ஏடாக மதிக்கப்பட்டது. செயல் ஒன்றே, எழுதிய கை மாறியது, பெயரும் மாறியது.

கடல் கடந்தும் பார்ப்போம். 1906இல் அமெரிக்காவில், டெக்சாசின் பிரவுன்ஸ்வில் ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காக, கறுப்பின வீரர் 167 பேரைக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் விசாரணை மன்றமே இன்றி மதிப்பிழக்கச் செய்து வெளியேற்றினார். 1972இல் படைத்துறை தன் ஆணையைத் திருத்தி, மதிப்புள்ள விடுவிப்பு என்று மாற்றிற்று. 66 ஆண்டுகள்! அதைக் கண்ணால் காண உயிரோடிருந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அந்நாட்டில் விடுவிப்பை மறுஆய்வு செய்யும் வாரியங்கள் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஏற்பட்டன. வாரியம் இருந்தும் நிறவெறியின் தீர்ப்பு திருந்த மேலும் 28 ஆண்டு பிடித்தது என்றால், வாரியமே இல்லாத இடத்தின் நிலை என்ன?

அது நிறத்தின் கதை. நம் கதை பிறப்பின் கதை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய பிரடெரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டு வீரன் போர்க்குணம் இழந்தவன் என்று முடிவு கட்டினார். வீர சாதி என்றும், வீரமற்ற சாதி என்றும் மக்களைப் பிரித்த கோட்பாடு அவர் காலத்தில் செழித்தது. எந்தச் சாட்சி? எந்த விசாரணை? ஓர் இனத்துக்கே "விரும்பத்தகாதவர்" என்று சிவப்பு மையால் எழுதிவிட்டனர்! மதராஸ் காலாட்படை அணிகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1941இல் உலகப்போர் கழுத்தை நெரித்தபோது மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. பர்மாப் போர்முனையில் அது தன் வழக்கைத் தானே வாதாடி வென்றது. மனு எழுதியதும் ராபர்ட்ஸ் எழுதியதும் ஒரே வகை ஏடு: மேல்முறையீடு இல்லாத ஏடு.

கட்டுப்பாடு குலையுமா?

"மறுஆய்வு, மேல்முறையீடு என்று போனால் படையின் கட்டுப்பாடு என்னாவது?" என்று கேட்பார் உண்டு. கேள்வியை ஒதுக்கவில்லை. காவலில் உறங்கியவனால் தோழன் உயிர் போகலாம். களவாடியவனை, எளியோரை வதைத்தவனை, பெண்ணைத் தொட்டவனைச் சீருடையில் வைத்திருப்பது நாட்டுக்கே இழுக்கு. அவனுக்காக நாம் வாதாடவில்லை. 2019இல் சத்குர் சிங் வழக்கில், திரும்பத் திரும்ப விடுப்பின்றிப் போனவரின் வெளியேற்றத்தை உச்சநீதிமன்றம் சரியென்றே சொல்லிற்று. மறுஆய்வு மன்னிப்பாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று. ஆராய்ந்தபின் தண்டனை நின்றால், அது முன்னினும் உறுதியாக நிற்கும். ஆராய அஞ்சும் தண்டனைக்குத்தான் இருட்டு தேவைப்படுகிறது.

கட்டுப்பாடு என்பது அச்சத்தின் பிள்ளை அன்று, நம்பிக்கையின் பிள்ளை. தன்னை விசாரிக்காமல் வீழ்த்தமாட்டார்கள் என்று நம்பும் வீரன்தான், தன்னை வீழ்த்தக்கூடிய குண்டின் முன் நிற்பான்.

ஆகவே நாம் கேட்பவை சில. சிவப்பு மையால் எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். அதன் படி அன்றே வீரன் கையில், அவன் படிக்கும் மொழியில் தரப்பட வேண்டும். அப்பதிவுகளையும் ஆராயும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு வேண்டும். கட்டளை அதிகாரி மீது முறையிட்டவனை அவரே விசாரிக்கும் கொடுமை அறவே ஒழிய வேண்டும். பணியறவை விடுவிப்பாக மாற்றும் விண்ணப்பத்தைக் குடும்பத்தின் சார்பில் எழுதித் தர, சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் கதவு, "முன்னாள் படைவீரர்" என்ற பெயர் மறுக்கப்பட்டவனுக்கும் திறக்க வேண்டும். 2022இல் வந்த அக்னிபாதைத் திட்டத்தில் சேர்வோருக்கு நான்கே ஆண்டு. பெரும்பாலோர் ஓய்வூதியமின்றித் திரும்புவர். அவர்கள் கொண்டுவரும் தாளில் உள்ள சொல்லே அடுத்த வேலைக்கு வழியும் தடையும் ஆகும்.

படிப்பகங்களில் கூடும் இளைஞர்கள் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் ஊரில் அப்படித் திரும்பியவன் ஒருவன் இருப்பான். என்ன செய்தான் என்று ஊர் கேட்டுவிட்டது. விசாரித்தார்களா என்று நீங்கள் கேளுங்கள். அவன் தாள்களை வாங்கிப் படியுங்கள். நாள் கடக்குமுன் விண்ணப்பம் எழுதத் துணை நில்லுங்கள்.

தலையெழுத்தை அழிக்க முடியாது என்று நமக்குச் சொல்லிவந்தார்கள். எழுத்து என்றால் எழுதியவன் உண்டு. எழுதியவன் உண்டென்றால் பிழை உண்டு. பிழை உண்டென்றால் திருத்தமும் உண்டு. சிவப்பு மைக்கும் இதே நீதிதான்.